ஊட்டலும் உண்டலும்: குழந்தைக்கு முதற்சோறு

திருக்கோயிலுக்கு வரும் அன்பர்களுள் மடியில் ஆறேழு மாதக் குழந்தையோடு வருபவர் பலர். வடமொழியில் அன்னப்பிராசனம் என்றும் தமிழில் சோறூட்டல் என்றும் வழங்கும் மங்கலச் சடங்கினைச் சுவாமி சந்நிதியில் நிகழ்த்தி, தெய்வத்திற்குப் படைத்த அன்னத்தில் ஒரு பருக்கையைக் குழந்தையின் நாவில் வைத்து மகிழ்ந்து செல்கின்றனர். அன்று குழந்தை அதனைச் சுவைத்தாலும் மகிழ்ச்சி, துப்பினாலும் மகிழ்ச்சி.

மறுநாள் வீட்டில் தொடங்கும் கதை வேறு. கிண்ணத்தைக் கண்டவுடன் குழந்தை முகத்தைத் திருப்புகிறது. உதடுகளை இறுக மூடிக்கொள்கிறது. உள்ளே சென்ற சோற்றை நாவால் வெளியே தள்ளுகிறது. தாய் கலங்குகிறாள், பாட்டி பதறுகிறாள், வீடு முழுவதும் ஒரு சிறு கிண்ணத்தைச் சுற்றி நின்று வாதாடுகிறது. அத்தகைய இல்லத்தார்க்குப் பயன்படும் பொருட்டு, நம் நூல்கள் கூறுவனவற்றையும் இக்கால மருத்துவம் கூறுவனவற்றையும் ஒருங்கு வைத்து இக்கட்டுரை எழுதப்பெறுகிறது.

இது சிறிய செய்தி அன்று. தாயின் வயிற்றிலிருந்தபோது குழந்தை சேமித்துக்கொண்ட இரும்புச்சத்து ஏறக்குறைய ஆறு மாதத்தில் குறைந்துவிடுகிறது. தாய்ப்பால் எல்லா வகையிலும் சிறந்த உணவே எனினும், அதில் இரும்புச்சத்து மிகச் சிறிதளவே உண்டு. ஆகவே ஆறு மாதத்திற்குப் பின் பாலோடு சோறும் சேர்ந்தாலன்றிக் குழந்தையின் குருதி வளம் பெறாது. 2019 முதல் 2021 வரை நிகழ்ந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 6 மாதம் முதல் 59 மாதம் வரையுள்ள இந்தியக் குழந்தைகளில் நூற்றுக்கு 67.1 பேருக்குக் குருதிச்சோகை இருந்தது, தமிழ்நாட்டில் 57.4 பேருக்கு இருந்தது. 6 முதல் 8 மாதக் குழந்தைகளுள் பாலோடு திட உணவும் பெற்றவர் நாடு முழுவதும் நூற்றுக்கு 45.9 பேரே. எனவே, ‘வேண்டாம் என்கிறது, விட்டுவிடுவோம்’ என்று காலம் கடத்துவது முறையன்று. வாயைத் திறந்து திணிப்பதும் முறையன்று. இவ்விரண்டிற்கும் நடுவே நல்வழி ஒன்று உண்டு. அவ்வழியை நாம் வழங்கும் ஒரு சொல்லே காட்டுகிறது.

ஊட்டு என்னும் சொல்

‘உண்’ என்பது தன்வினை. ‘ஊட்டு’ என்பது அதன் பிறவினை. தானே செய்வது தன்வினை; பிறரைச் செய்விப்பது பிறவினை என்பதை இளமையிலேயே இலக்கண வகுப்பில் கற்றோம். ஊட்டுதல் என்பதற்கு உண்ணச் செய்தல் என்பதே பொருள். அங்கே உண்ணும் தொழிலைச் செய்வது குழந்தை. அதற்குத் துணை நிற்பவர் நாம். திணித்தல் என்பதோ முற்றிலும் வேறு சொல். மூட்டையில் பஞ்சு திணிக்கலாம்; மூட்டைக்கு விருப்பும் இல்லை, வெறுப்பும் இல்லை. குழந்தைக்கு இரண்டும் உண்டு.

இக்காலக் குழந்தை மருத்துவர்கள் இதனையே வேறு சொற்களால் கூறுகின்றனர். என்ன உணவு, எந்த வேளை, எந்த இடம் என்பவற்றை முடிவு செய்வது பெரியோர் பொறுப்பு. உண்பதா, எவ்வளவு உண்பது என்பவற்றை முடிவு செய்வது குழந்தையின் உரிமை. இப்பங்கீட்டை இருவரும் மீறாதிருந்தால் உணவு வேளை போர்க்களமாவதில்லை.

சீகாழித் திருக்குளக் கரையில் மூன்று வயதுப் பிள்ளையார் திருஞானசம்பந்தர்க்கு உமையம்மை பொற்கிண்ணத்தில் பால் ஊட்டிய வரலாற்றை அன்பர் அனைவரும் அறிவர். அதில் ஒரு முறைமையைக் கருதிப் பார்க்க வேண்டும். முதலில் பிள்ளை அழுதது. பின்னரே அம்மை கிண்ணத்தோடு வந்தாள். பிள்ளையின் அழைப்பு முன்னது. தாயின் ஊட்டல் பின்னது. பசியின் குறிப்பறிந்து ஊட்டுவதே தாய்மையின் இலக்கணம் என்று அவ்வரலாற்றிலிருந்து இல்லறத்தாரும் ஒரு பாடம் கொள்ளலாம்.

எந்தத் திங்களில் தொடங்குவது?

ஆசுவலாயனர் முதலியோர் செய்த கிருகிய சூத்திரங்கள் சோறூட்டலை ஆறாம் மாதத்திற்கு உரியதாகக் கூறுகின்றன. சுசுருதரின் மருத்துவ நூலும் ஆறாம் மாதத்தில் எளிதிற் செரிப்பதும் நன்மை தருவதுமான உணவை ஊட்டச் சொல்கிறது. தமிழில் பிள்ளைக்கவியின் உறுப்புகளை எண்ணும் மரபிலோ, உணவூட்டலை ஏழாந் திங்களுக்கு உரியதாகக் கொள்ளும் வழக்கும் உண்டு. ஏழாந் திங்கள் என்றால் ஆறு திங்கள் நிறைந்து ஏழாவது நடப்பது என்று பொருள்.

உலக சுகாதார அமைப்பின் பேரவை 2001-ஆம் ஆண்டில் செய்த பரிந்துரையும் இதுவே. ஆறு மாதம் நிறையும்வரை தாய்ப்பால் மட்டும்; அதன்பின் தாய்ப்பாலோடு திட உணவு; இரண்டு வயது வரையும் அதற்கு அப்பாலும் தாய்ப்பால் தொடரலாம். அதற்கு முன்னர், நான்கு முதல் ஆறு மாதத்திற்குள் தொடங்கலாம் என்பதே பொதுவான அறிவுரையாக இருந்தது. இன்றைய பாட்டிமார் பலர் தாயாக இருந்த காலம் அது. ஆகவே, ‘என் பிள்ளைக்கு நான்காம் மாதமே கஞ்சி கொடுத்தேன்’ என்று மாமியார் கூறினால் அவர் பொய்யும் கூறவில்லை, பிழையும் செய்யவில்லை. அன்றைய மருத்துவர் சொன்னதைச் செய்தார். இன்றைய மருத்துவர் சொல்வதை மருமகள் செய்கிறாள். இருவர்க்கும் இடையே பூசல் வேண்டியதில்லை.

சடங்கைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். ஆண் குழந்தைக்கு இரட்டை மாதமும் பெண் குழந்தைக்கு ஒற்றை மாதமும் கொள்ளும் வழக்கம் பல குடும்பங்களில் உண்டு. குலதெய்வக் கோயிலுக்கோ குருவாயூருக்கோ செல்ல நாள் அமையாமல் எட்டு, ஒன்பது மாதம் வரை தள்ளிப்போவதும் உண்டு. சடங்கு தள்ளிப்போகலாம், சோறு தள்ளிப்போகக் கூடாது. ஆறு மாதம் நிறைந்தவுடன் வீட்டில் உணவைத் தொடங்கிவிட்டு, நல்ல நாள் அமையும்போது சந்நிதியில் சடங்கை நிகழ்த்துவதில் குறையொன்றும் இல்லை. அதுபோலவே, ஐந்தாம் மாதத்தில் சடங்கு செய்ய நேர்ந்தால் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு நாவில் தொட்டு வைப்பதோடு நிறுத்தி, முறையான உணவை ஆறு மாதம் நிறைந்தபின் தொடங்கலாம்.

செங்கீரையும் சப்பாணியும்

நாட்காட்டி மட்டும் போதாது. குழந்தையின் உடலும் ஆயத்தமாக வேண்டும். பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் குழந்தையின் வளர்ச்சியை எவ்வளவு கூர்ந்து நோக்கினர் என்பது இங்கே விளங்கும். ஐந்தாந் திங்களுக்கு உரியது செங்கீரைப் பருவம். ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, கைகளை நிலத்தில் ஊன்றித் தலையை நிமிர்த்தி அசைக்கும் நிலை அது. கழுத்து நின்றுவிட்டது என்பதே அதன் பொருள். ஒன்பதாந் திங்களுக்கு உரியது சப்பாணி. நன்றாக அமர்ந்து இரு கைகளையும் கொட்டும் நிலை அது. உடல் தானே நிற்க, கைகள் விடுதலை பெற்றுவிட்டன என்பது அதன் பொருள்.

இவ்விரண்டிற்கும் இடையில் நிகழ்வதே சோறூட்டல். மருத்துவர் கூறும் ஆயத்தக் குறிகளும் இவையே: தலையை ஆடாமல் நிறுத்துதல், சாய்மானத்தோடு அமர்தல், பிறர் உண்பதை உற்று நோக்கி வாயைத் திறத்தல், கைப்பொருளை வாய்க்குக் கொண்டுசெல்லுதல். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு மாதக் கணக்கு மாறுபடும். அதனை மருத்துவரிடமே கேட்டறிய வேண்டும்.

குழந்தை ஏன் மறுக்கிறது?

முதற்காரணம் இயற்கையே. சிறு குழவியின் நாவில் எது பட்டாலும் அதனை வெளியே தள்ளும் அனிச்சைச் செயல் ஒன்று உண்டு. அது குழவியின் தொண்டையைக் காக்க இறைவன் வைத்த காவல். நான்கு முதல் ஆறு மாதத்திற்குள் அது மெல்ல மறையும். சில குழந்தைகட்குச் சற்றுத் தாமதமாகும். எனவே முதல் நாட்களில் சோறு வெளியே வருவதை வெறுப்பு என்று கொள்ளற்க. நாக்கு இன்னும் பழைய தொழிலையே செய்கிறது. உறிஞ்சிப் பழகிய வாய் இப்போதுதான் மெல்லவும் விழுங்கவும் கற்கிறது.

இரண்டாம் காரணம் புதுமை. தாய்ப்பாலின் இனிமையே அறிந்த நாவுக்குப் பருப்பும் கீரையும் புதியன. ஒரு சுவையை எட்டு, பத்து முறையும் அதற்கு மேலும் அமைதியாகக் கொடுத்த பின்னரே சில குழந்தைகள் ஏற்றுக்கொள்ளும் என்பது ஆய்வாளர் கண்ட உண்மை. மூன்று நாள் கொடுத்துப் பார்த்து, ‘பூசணி இதற்குப் பிடிக்காது’ என்று முடிவு கட்டுவது அவசரம்.

மூன்றாம் காரணம் வேளை. பால் குடித்து வயிறு நிறைந்த குழந்தையும் உறங்கப்போகும் குழந்தையும் உண்ணா. பசி மிகுந்து அழும் குழந்தையும் கரண்டியைப் பொறுக்காது, பாலையே நாடும். பசி சிறிது தோன்றிய, விழிப்பான நேரமே உரிய நேரம். பல் முளைத்தல், சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு ஆகியவையும் சில நாள் உணவை மறுக்கச் செய்யும். அந்நாட்களில் தாய்ப்பாலை மிகுதியாகக் கொடுத்து, உடல் தேறியபின் கூடுதலாக ஒரு வேளை ஊட்டி ஈடு செய்யலாம்.

நான்காம் காரணம் அச்சம். ஒருமுறை வலிந்து ஊட்டப்பெற்ற குழந்தை கிண்ணத்தைக் கண்டாலே அழும். மூக்கைப் பிடித்து, வாய் திறந்ததும் பாலாடையால் ஊற்றும் பழக்கம் சில வீடுகளில் இன்றும் உண்டு. அது மிகவும் ஆபத்தானது. மூச்சுக்குத் திணறும் குழந்தை உணவைக் காற்றுக்குழலுக்குள் இழுத்துக்கொள்ளக் கூடும். அதனை அறவே விலக்குக.

கோட்டூர்புரத்தில் எங்கள் குடியிருப்பில் ஓர் இளந்தாய் ஏழரை மாதப் பெண் குழந்தையோடு படும் பாட்டைக் கண்டேன். “ஐயா, வாயையே திறக்கமாட்டேன் என்கிறாள்; நான் என்ன பாவம் செய்தேனோ தெரியவில்லை” என்று கண்கலங்கினாள். “இவள் அப்பனையெல்லாம் பாலாடையில் ஊற்றித்தான் வளர்த்தேன்” என்றார் அவளுடைய மாமியார். மருத்துவர் குழந்தையை எடைபோட்டுப் பார்த்துவிட்டு, மருந்து எதுவும் எழுதாமல், ஒரு நாளைய நடைமுறையை மட்டும் கேட்டார். காலை பதினொன்றரைக்குப் பால், பன்னிரண்டுக்குச் சோறு, அப்போது குழந்தைக்கு உறக்கம் வரும் நேரம், சுற்றிலும் ஐந்து பேர். சோற்றைப் பத்தரை மணிக்கு மாற்றச் சொன்னார். ஊட்டுபவர் ஒருவரே இருக்கச் சொன்னார். மூன்று கரண்டியோடு நிறுத்தச் சொன்னார். முதல் வாரம் பெரிய மாற்றம் இல்லை. இரண்டாம் வாரம் குழந்தை கரண்டியைத் தானே பற்றி இழுத்தது. மூன்றாம் வாரம் கிண்ணத்தில் பாதி காலியாயிற்று. ஊட்டியவர் யார் தெரியுமா? அந்த மாமியாரேதான். பொறுமை அவரிடமே மிகுதியாக இருந்தது.

நற்றிணை காட்டும் பிள்ளை

உண்ண மறுக்கும் பிள்ளை இன்று தோன்றிய புதுமை அன்று. ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுகட்கு முன்பே நம் புலவர் அப்பிள்ளையைப் பாடியுள்ளனர். நற்றிணையின் 110-ஆம் பாடல் போதனார் என்னும் புலவர் இயற்றியது. தேன் கலந்த பாலைப் பொற்கலத்தில் ஏந்தி, அச்சுறுத்தச் சிறுகோல் ஒன்றையும் ஓங்கிக்கொண்டு செவிலியர் துரத்துகின்றனர். நரைத்த கூந்தலையுடைய அம்முதியோர் ஓடி இளைத்துப்போக, காற்சிலம்பு ஒலிக்கப் பந்தலின்கீழ் ஓடி ஒளிகிறாள் அச்சிறுமி. செல்வர் வீட்டுப் பிள்ளை, பொற்கலம், ஆயினும் உண்ணவில்லை. கலத்தின் பெருமை பசியை வரவழைக்காது என்பது தெளிவு.

அப்பாடல் அங்கே முடியவில்லை. அப்பிள்ளையே வளர்ந்து மணமாகிக் கணவன் குடும்பத்தில் வறுமை நேர்ந்தபோது, தந்தை வீட்டின் வளமான சோற்றை நினையாது, ஒரு வேளை விட்டு ஒரு வேளை உண்டு மானத்தோடு வாழ்கிறாள். இந்த அறிவும் ஒழுக்கமும் இவளுக்கு எங்கிருந்து வந்தன என்று வளர்த்த தாய் வியக்கிறாள். உண்ண மறுத்து ஓடிய பிள்ளை கெட்டுப்போகவில்லை. தன்னைத் தான் ஆளும் பெண்ணாக வளர்ந்தாள். உங்கள் வீட்டுக் கிண்ணத்தை இன்று மறுக்கும் குழந்தையைப் பிடிவாதம் என்று பழிப்பதற்கு முன் இப்பாடலை நினைவிற் கொள்ளுங்கள்.

எனினும் ஒன்றை மறவாதீர். அப்பாடலில் வரும் சிறுமி ஓடி விளையாடும் வயதினள். ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேனை ஒரு துளியும் கொடுத்தலாகாது. ‘குளோஸ்ட்ரிடியம் பொட்டுலினம்’ என்னும் நுண்ணுயிரியின் வித்து தேனில் இருக்கக் கூடும். சிறு குழவியின் குடலில் அது நஞ்சை உண்டாக்கித் தசைகளைச் செயலிழக்கச் செய்யும். சடங்கின்போது நாவில் தேன் தடவும் வழக்கமுடையவர்கள் அதற்கு மாறாக மசித்த அன்னத்தையே தொட்டு வைக்கலாம்.

முதற்கிண்ணம்

முதலில் ஒருநாளைக்கு இரண்டு வேளை, வேளைக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டி போதும். எட்டு மாதம் நிறைவதற்குள் அது மெல்ல அரைக் கிண்ணமாக, அஃதாவது 125 மில்லிலிட்டராக வளரலாம், வேளையும் மூன்றாகலாம். ஒன்பது மாதம் முதல் மூன்று, நான்கு வேளை. ஓராண்டுக்குப் பின் முக்கால் கிண்ணம் முதல் முழுக் கிண்ணம். தாய்ப்பால் தவிர உணவிலிருந்து 6 முதல் 8 மாதக் குழந்தைக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 200 கலோரியும், 9 முதல் 11 மாதத்திற்கு 300 கலோரியும், அதன்பின் 550 கலோரியும் வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பு கணக்கிட்டுள்ளது. பெரியோர் எண்ணும் அளவைவிட இது சிறிது என்பதைக் காண்க.

கஞ்சி நீர்த்திருத்தலாகாது. எட்டு கிலோ எடையுள்ள குழந்தையின் இரைப்பை ஏறக்குறைய 240 மில்லிலிட்டர்தான் கொள்ளும். அதனை நீரால் நிரப்பினால் வயிறு நிறையும், வலிமை வாராது. கரண்டியைச் சாய்த்தால் வழிந்தோடாத பதமே ஏற்ற பதம்.

பச்சரிசி மூன்று பங்கு, பாசிப்பருப்பு ஒரு பங்கு சேர்த்துக் குழைய வேகவைத்து மசித்து, அரைத் தேக்கரண்டி நெய் விட்டால் முதற்சோறு ஆயத்தம். சில நாள் கழித்து வேகவைத்து மசித்த கேரட், பூசணி, உருளைக்கிழங்கு, கீரை, நன்கு கனிந்த வாழைப்பழம் ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். ஒரு புதிய உணவுக்கும் அடுத்ததற்கும் மூன்று நாள் இடைவெளி விட்டால், எது ஒத்துக்கொள்ளவில்லை என்பது விளங்கும். முட்டை உண்ணும் குடும்பத்தார் நன்கு வேகவைத்த முட்டையையும் சேர்க்கலாம்.

கேழ்வரகை ஊறவைத்து முளைகட்டி, நிழலில் உலர்த்தி, இளவறுப்பாக வறுத்து அரைக்கும் வழக்கம் நம் பாட்டிமார் கண்டது. அதில் நுட்பமான அறிவியல் உண்டு. தானியம் முளைக்கும்போது தோன்றும் நொதி மாவுச்சத்தை உடைக்கிறது. அதனால் மாவு மிகுதியாக இட்டாலும் கூழ் களியாக இறுகுவதில்லை. சிறிய வயிற்றிற்குள் கூடுதல் சத்து செல்கிறது, விழுங்கவும் எளிது. வீட்டில் செய்ய இயலாதவர்கள் அங்கன்வாடி மையத்தில் ஆறு மாதம் நிறைந்த குழந்தைகட்கு விலையின்றி வழங்கப்பெறும் சத்துமாவைப் பெறலாம். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடலிற் சேர, உணவோடு சிறிது தக்காளியோ எலுமிச்சைச் சாறோ துணைபுரியும். ஆறு மாதம் முதல் வாரம் இருமுறை அளிக்கப்பெறும் இரும்புச்சத்து மருந்தினையும் அரசு சுகாதார நிலையத்தில் கேட்டுப் பெறுக.

ஓராண்டு வரை உப்பும் சர்க்கரையும் சேர்க்க வேண்டியதில்லை. பசும்பாலைத் தாய்ப்பாலுக்கு மாற்றாகக் கொடுப்பதும் ஓராண்டுக்குப் பின்னரே. முழு நிலக்கடலை, பொட்டுக்கடலை, முழுத் திராட்சை போன்றவை தொண்டையில் அடைக்கும். அவற்றைச் சிறு குழந்தையின் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும். கைகளைச் சோப்பிட்டுக் கழுவுதல், காய்ச்சி ஆறவைத்த நீர், அவ்வப்போது சமைத்த உணவு ஆகிய மூன்றும் வயிற்றுப்போக்கினின்று காக்கும். சமைத்து இரண்டு மணி நேரத்திற்கு மேல் வெளியில் இருந்த உணவைக் குழந்தைக்குக் கொடுக்கற்க.

சின்னக் கைக்கு இடம் கொடுங்கள்

திருவள்ளுவர் மக்கட்பேற்றை உரைக்கும் அதிகாரத்தில், தம் பிள்ளை தன் சின்னக் கையால் துழாவிய கூழ் பெற்றோர்க்குத் தேவருணவினும் இனிது என்ற கருத்தைக் கூறுகிறார். பாண்டியன் அறிவுடைநம்பி என்னும் அரசன் பாடிய புறநானூற்று 188-ஆம் பாடலோ, தளர்நடைப் பிள்ளை நெய்ச்சோற்றைத் தொடுவதையும் வாயில் வைப்பதையும் கிளறுவதையும் உடம்பெல்லாம் பூசிக்கொள்வதையும் வரிசையாகக் காட்டுகிறது. பலரோடு உண்ணும் பெருஞ்செல்வர்க்கும் இத்தகைய பிள்ளை இல்லையேல் வாழ்நாளில் பயனில்லை என்பது அவன் முடிவு.

இதனைப் பாசத்தின் மிகுதி என்று மட்டும் கொள்ளற்க. கையால் தொட்டுப் பிசைந்த உணவைக் குழந்தை எளிதில் ஏற்கிறது என்பதை இன்று மருத்துவரும் கூறுகின்றனர். தொடும் கை முதலில் அறிமுகம் செய்துவைக்க, வாய் பின்னர் நம்புகிறது. ஆகவே ஊட்டும்போது குழந்தையின் கைகளைக் கட்டிவைக்காமல், அதன் முன்னும் ஒரு சிறு தட்டில் இரண்டு கவளம் வையுங்கள். அது சிந்தும், தலையில் பூசும், தரை அழுக்காகும். ஒரு பழைய துணியை விரித்துவிட்டால் போதும். அரசன் பொறுத்துக்கொண்டதை நாம் பொறுத்துக்கொள்ள இயலாதா?

நிலாவும் கைப்பேசியும்

நிலாவைக் காட்டிச் சோறூட்டுவது நம் மரபு. இன்று நிலாவின் இடத்தைக் கைப்பேசி பிடித்துக்கொண்டது. இரண்டும் ஒன்றுதானே என்று கேட்போர் உளர். ஒன்றல்ல. நிலாவைக் காட்டும் தாய் பேசுகிறாள், பாடுகிறாள், குழந்தை நிலாவையும் பார்க்கிறது, தாயின் முகத்தையும் பார்க்கிறது, கவளத்தையும் அறிந்தே வாங்குகிறது. கைப்பேசித் திரையில் ஆழ்ந்த குழந்தையோ தான் உண்பதையே அறிவதில்லை. வயிறு நிறைந்ததையும் உணர்வதில்லை. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகட்குத் திரை வேண்டாம் என்று உலக சுகாதார அமைப்பு 2019-ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. குடும்பத்தார் உண்ணும் வேளையில் குழந்தையையும் உடன் அமர்த்துக. பிறர் மெல்வதைக் கண்டு மெல்லக் கற்பதே இயற்கை.

குழந்தை வாயை மூடினால், தலையைத் திருப்பினால், கரண்டியைத் தள்ளினால், ‘போதும்’ என்பது பொருள். ஒருமுறை சற்றுப் பொறுத்து மீண்டும் நீட்டலாம். அப்போதும் மறுத்தால் சினமின்றிக் கிண்ணத்தை எடுத்துவிடுக. அடுத்த வேளை வரும்.

எடையே அளவுகோல்

எத்தனைக் கவளம் உண்டது என்று எண்ணுவது தாயின் கவலையைப் பெருக்குமேயன்றி உண்மையைக் காட்டாது. அதற்குத் தமிழ்நாடே நாட்டிற்கு ஒரு வழி காட்டியது. 1980-ஆம் ஆண்டில் உலக வங்கியின் உதவியோடு தொடங்கப்பெற்ற தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், 6 முதல் 36 மாதம் வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் எடைபோட்டு அட்டையில் குறித்தனர். எடை ஏறாத குழந்தையைக் கண்டறிந்து, அதற்கு 90 நாள் கூடுதல் உணவு கொடுத்துத் தேற்றினர். தாய்க்கும் அட்டையைக் காட்டி விளக்கினர்.

நீங்களும் அங்கன்வாடியிலோ மருத்துவரிடமோ மாதம் ஒருமுறை எடைபோட்டு வளர்ச்சி அட்டையில் குறித்து வாருங்கள். கோடு மேல்நோக்கிச் செல்கிறது, குழந்தை விளையாடுகிறது, சிறுநீர் நன்றாகக் கழிகிறது என்றால், இன்று மூன்று கரண்டியோடு நிறுத்தியதற்காக வருந்த வேண்டியதில்லை.

ஆனால் எடைக்கோடு நிலைத்து நின்றாலோ இறங்கினாலோ, எட்டு மாதம் ஆகியும் திட உணவு எதனையும் விழுங்கவில்லை என்றாலோ, ஒவ்வொரு முறையும் இருமலோ திணறலோ வாந்தியோ வந்தாலோ, கழுத்து நிற்கவில்லை என்றாலோ, முகம் வெளுத்துச் சோர்வு தோன்றினாலோ காத்திருக்கலாகாது. எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை போன்ற இடங்களில் இதற்கென வல்லுநர் உளர். தெய்வத்திடம் வேண்டிக்கொள்வதும் மருத்துவரிடம் காட்டுவதும் ஒன்றுக்கொன்று மாறானவை அல்ல. திருவான்மியூரில் எழுந்தருளியுள்ள இறைவனுக்கே மருந்தீசர் என்றுதானே திருநாமம்! அகத்தியருக்கு மருந்துகளின் இயல்பை உபதேசித்தருளியவர் என்று அத்தலத்தின் வரலாறு கூறுகிறது.

நினைவிற் கொள்ளத்தக்கவை

1. ஆறு மாதம் நிறைந்தவுடன் சோறு தொடங்குக, தாய்ப்பாலைத் தொடர்க.
2. விழிப்பும் சிறுபசியும் உள்ள வேளையில், ஒருவரே, முகம் நோக்கி ஊட்டுக.
3. மறுத்த உணவைச் சில நாள் விட்டு மீண்டும் கொடுக்க. பத்து முறையேனும் முயல்க.
4. மூக்கைப் பிடித்தல், கையைக் கட்டல், அச்சுறுத்தல் ஆகியவற்றை விலக்குக.
5. ஓராண்டு வரை தேன் வேண்டா. உப்பும் சர்க்கரையும் வேண்டா.
6. மாதந்தோறும் எடை பார்க்க. ஐயம் எழுந்தால் மருத்துவரைக் காண்க.

இங்குக் குறித்த நற்றிணை, புறநானூறு, திருக்குறள் ஆகியவற்றை உரையோடு படிக்க விரும்பும் அன்பர்கள், கோட்டூர்புரத்தில் 2010-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் திறக்கப்பெற்ற அண்ணா நூற்றாண்டு நூலகத்திற்குச் சென்று பயன்பெறலாம். குழந்தை உறங்கும் ஒரு மணி நேரத்தில் தாயும் அறிவுக்கு உணவு தேடிக்கொள்ளட்டும்.

காசியில் அன்னபூரணியாக வீற்றிருக்கும் அம்மை, கையில் அகப்பையோடு உலகுக்கே சோறிடுகிறாள். அவள் யார் வாயிலும் திணிப்பதில்லை. பசித்து வருவோர்க்கு இல்லையென்பதும் இல்லை. அப்பொறுமையும் அக்கருணையும் ஒவ்வோர் இல்லத்துத் தாய்க்கும் பாட்டிக்கும் வாய்ப்பதாகுக! குழந்தைச் செல்வங்கள் உண்டு, வளர்ந்து, நோயற்று நீடு வாழ்க!